பணியேற்ற நாளும் மனம் ஏற்ற நாளும்

சில ஆண்டுகளுக்கு முன், கல்வியாண்டின் நடுவில் எங்கள் உயர்நிலைப் பள்ளிக்கு ஒரு கணித ஆசிரியர் வந்து சேர்ந்தார். வயது 52. பதினாறு ஆண்டுகள் ஒரே பள்ளியில் பணியாற்றியவர். பணிநிரவலில் எங்கள் பள்ளிக்கு வந்திருந்தார். தலைமையாசிரியர் அறையில் பணியேற்பு அறிக்கையில் கையொப்பமிட்டார். வருகைப் பதிவேட்டின் கடைசி வரியில் அவர் பெயர் ஏறியது. மூன்றாம் பாடவேளைக்கே வகுப்புக்குச் சென்றுவிட்டார். எங்களைப் பொறுத்தவரை அவர் 'வந்துவிட்டார்'.

அவர் உண்மையில் வந்து சேரவே இல்லை என்பதை நாங்கள் உணர நான்கு மாதங்கள் ஆயின. அதற்குள் அவர் உடல்நலமும் மனநலமும் நன்றாகவே பாதிக்கப்பட்டிருந்தன. அவருடைய இசைவோடுதான் இதை எழுதுகிறேன். பெயர்களையும் ஊர்களையும் தவிர்த்திருக்கிறேன். இதில் எங்கள் பங்கில் நேர்ந்த தவறுகளைச் சொல்வதே என் நோக்கம். ஏனெனில் பணியிட மாறுதல், பணிநிரவல், பதவி உயர்வு, புதிய பாடத்திட்டம், புதிய செயலி என்று ஏதாவது ஒரு மாற்றம் நம் பள்ளிகளில் ஒவ்வோர் ஆண்டும் நடந்துகொண்டே இருக்கிறது. மாற்றத்தை நிறுத்துவது நம் கையில் இல்லை. மாற்றத்துக்கு ஆளாகும் ஒருவர் அடுத்த நாற்காலியில் அமர்ந்திருக்கும்போது நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பது முழுக்க நம் கையில்தான் இருக்கிறது.

நாங்கள் செய்ததும் செய்யத் தவறியதும்

முதல் நாள் அவர் ஆசிரியர் அறைக்குள் வந்தபோது ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அமரப் போனவரிடம், "சார், அது தமிழ் ஐயா சீட்" என்றார் ஒருவர். கேலியாகவோ கோபமாகவோ சொல்லவில்லை, வழக்கமாகச் சொன்னார். ஆனால் வேறு நாற்காலி எது என்று யாரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவர் மதிய உணவைத் தன் வகுப்பறையிலேயே சாப்பிட்டார். "தனியா இருக்கிறதுதான் அவருக்குப் பிடிக்கும்போல" என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம்.

பீரோவில் அவருக்கு ஒரு தட்டு ஒதுக்கப்படவில்லை. பாடக் குறிப்பேடு, மதிப்பெண் பதிவேடு, காம்பஸ் பெட்டி எல்லாவற்றையும் ஒரு கட்டைப் பையில் வைத்து, தினமும் இரண்டு பேருந்துகள் மாறி வீட்டுக்கும் பள்ளிக்கும் சுமந்தார்.

கால அட்டவணையில் மற்றவர்கள் எடுத்ததுபோக மீந்த பாடவேளைகள் அவருக்கு வந்தன. பதினாறு ஆண்டுகளாகப் பத்தாம் வகுப்புக் கணிதம் நடத்தியவருக்கு ஆறாம், ஏழாம் வகுப்புகளும், நன்னெறிப் பாடவேளைகளும், வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையும். ஆறாம் வகுப்பு நடத்துவது தாழ்ந்த வேலை அன்று, அதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

எல்லாவற்றையும்விட, நாங்கள் அவரைக் குறிப்பிட்ட விதம். "புதுசா வந்த மேக்ஸ் சார்" என்று சொல்லியிருக்க வேண்டும். "பணிநிரவல்ல வந்தவர்" என்றே சொன்னோம். மாணவர்கள் காதிலும் அது விழுந்தது.

அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம், ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அறிவியல் ஆய்வகத்துக்கு ஓடிவந்தாள். "டீச்சர், மேக்ஸ் சார் படிக்கட்டுல உக்காந்திருக்காரு. கை எல்லாம் நடுங்குது." அளவுகோல் கொண்டுவராத ஒரு மாணவனிடம் அவர் உரக்கக் கத்தியிருக்கிறார். வகுப்பே உறைந்துபோனதைப் பார்த்துத் தானே அதிர்ந்து வெளியே வந்து அமர்ந்துவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். நெடுநேரம் கழித்து அவர் சொன்னது இன்றும் நினைவிருக்கிறது:

"டீச்சர், அந்த ஸ்கூல்ல பத்தாவது பசங்ககிட்ட வட்டம் முடிச்சாச்சு, திங்கக்கிழமை தொடுகோடு ஆரம்பிக்கலாம்னு சொல்லிட்டு வந்தேன். திங்கக்கிழமை நான் இங்க இருந்தேன். அவங்ககிட்ட போயிட்டு வரேன்னுகூட சொல்லல. ஆர்டர்ல உபரின்னு போட்டிருந்துச்சு. பதினாறு வருஷம் வேலை பார்த்த நான் உபரியாம்."

மூன்று மாதங்களாக இரவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்கவில்லை என்றார். இரத்த அழுத்தம் கூடியிருந்தது. வீட்டில் யாரிடமும் பேசுவதில்லை. இவற்றில் எதுவும் எங்களுக்குத் தெரியாது. நாங்கள் கேட்கவே இல்லை.

'உபரி' என்பது யாரை?

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு 1 அன்றுள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பணியாளர் நிர்ணயம் செய்யப்படுவது நமக்குத் தெரியும். கல்வி உரிமைச் சட்டம் 2009, தொடக்க நிலையில் 30 மாணவருக்கு ஓர் ஆசிரியர், உயர் தொடக்க நிலையில் 35 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற அளவை வைத்திருக்கிறது. ஒரு பள்ளியில் பிள்ளைகள் குறைந்து, இன்னொரு பள்ளியில் ஆசிரியர் இல்லாமல் பிள்ளைகள் காத்திருந்தால், பணியிடத்தை நகர்த்தத்தான் வேண்டும். அந்தக் காலியிடத்துக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளின் பக்கமிருந்து பார்த்தால் பணிநிரவலின் நியாயம் புரியும்.

ஆனால் 'உபரி' என்ற சொல் பணியிடத்தைப் பற்றியது. அது அந்த ஆசிரியரின் திறமையையோ உழைப்பையோ அளந்து சொன்ன சொல் அன்று. எங்கள் நண்பரின் பழைய பள்ளியில் கணிதத்துக்கு இருவர் இருந்தனர். பணியில் இளையவர் இவர். அவ்வளவுதான் காரணம். கோப்பில் இருக்கும் அந்தச் சொல், ஆசிரியர் அறைக்குள் வந்து ஒரு மனிதரின் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும்போது அதன் பொருளே மாறிவிடுகிறது. அதை ஒட்டியவர்களில் நானும் ஒருத்தி.

வெளி மாற்றம் ஒன்று, உள் மாற்றம் வேறு

வில்லியம் பிரிட்ஜஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1980இல் வெளியிட்ட நூலில் ஒரு பயனுள்ள வேறுபாட்டைக் காட்டினார். மாற்றம் என்பது வெளியே நிகழ்வது. ஆணை வருகிறது, இடம் மாறுகிறது, பாடத்திட்டம் மாறுகிறது. அதற்கு ஒரு தேதி உண்டு. அந்த மாற்றத்தை மனம் ஏற்றுக்கொள்வது வேறொரு நிகழ்வு. அதற்குத் தேதி கிடையாது. அது மூன்று கட்டங்களாக நடக்கிறது என்றார் அவர். முதலில் பழையது முடிவது. அடுத்து, பழையதும் இல்லை, புதியதும் பழகவில்லை என்ற இடைக்காலம். கடைசியில்தான் புதிய தொடக்கம்.

புதிய இடத்தில் முதல் நாளே 'தொடக்கம்' என்று நாம் நினைக்கிறோம். மனத்தில் முதலில் நடப்பது முடிவுதான். முடிவு முறையாக நடக்கவில்லையென்றால் தொடக்கமும் தள்ளிப்போகிறது. எங்கள் நண்பர் பிள்ளைகளிடம் விடைபெறவில்லை. அவருடைய பழைய பள்ளி மனத்தளவில் முடியவே இல்லை. எங்கள் பள்ளி எப்படித் தொடங்கியிருக்கும்?

அவர் இழந்தவற்றைப் பிறகு ஒருநாள் நாங்கள் இருவரும் பட்டியலிட்டுப் பார்த்தோம். நடந்தே போகும் தூரத்திலிருந்த பள்ளி. "நம்ம மேக்ஸ் சார்" என்ற பெயர். பெற்றோரை ஊர்த் தெருவில் பார்த்துப் பேசும் உரிமை. அண்ணனுக்கும் தங்கைக்கும் பாடம் நடத்திய குடும்பங்கள். கண்ணை மூடிக்கொண்டே எடுக்கக்கூடிய பதிவேடுகள். காலை பத்து நிமிடம் சேர்ந்து தேநீர் குடித்த நண்பர். ஆணையில் இவற்றில் ஒன்றுகூட எழுதப்பட்டிருக்காது. ஆனால் இவை எல்லாம் ஒரே நாளில் போயின.

மன அழுத்தம் பெரிய துயரங்களால் மட்டும் வருவதில்லை, சிறிய மாற்றங்கள் ஒன்றன்மேல் ஒன்று சேர்வதாலும் வரும் என்பதை 1967இல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்டு ரேஹே என்ற இரு மருத்துவ ஆய்வாளர்கள் ஓர் அளவுகோலாக வகுத்தனர். வாழ்வின் 43 நிகழ்வுகளுக்கு அவர்கள் எண் கொடுத்தார்கள். துணையின் இறப்புக்கு 100, திருமணத்துக்கு 50. வேலையில் பொறுப்பு மாறுவதற்கு 29. பணிநேரமோ பணிச்சூழலோ மாறுவதற்கு 20. குடியிருப்பு மாறுவதற்கு 20. தூக்கப் பழக்கம் மாறுவதற்கு 16. கடைசி நான்கையும் கூட்டினால் 85. தனித்தனியே பார்த்தால் சின்னச் சின்ன விஷயங்கள், சேர்ந்தால் திருமணத்துக்குத் தந்த எண்ணையே தாண்டிவிடுகின்றன. இது அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய அமெரிக்க அளவுகோல். இதை வைத்து யாருக்கும் நோய் என்று முடிவுகட்டக் கூடாது. ஆனால் "ஒரு டிரான்ஸ்பர்தானே, இதுக்குப் போயா?" என்று கேட்கும் முன் ஒருகணம் நிதானிக்க இது உதவும்.

இடம் மாறாமலே வரும் மாற்றமும் உண்டு. 2022-23ஆம் கல்வியாண்டில் எண்ணும் எழுத்தும் திட்டம் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தபோது, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிப்பதும், மதிப்பீட்டைச் செயலியில் பதிவதும் புதிதாக இருந்தன. எனக்குத் தெரிந்த ஒரு மூத்த இடைநிலை ஆசிரியை, பாடல் பாடி எழுத்துச் சொல்லித்தருவதில் அந்த வட்டாரத்திலேயே பெயர் பெற்றவர். அவர் சொன்னார்: "புள்ளைங்களுக்குச் சொல்லித்தர எனக்குப் பயமில்லம்மா. செல்லுல பதியுறப்ப சின்னப் பொண்ணுங்ககிட்ட பத்துத் தடவை கேக்க வேண்டியிருக்கு. அதுதான் ஒருமாதிரியா இருக்கு." அவர் இழந்தது 'எனக்குத் தெரியும்' என்ற நிமிர்வை. ஒரே ஊரில், ஒரே நாற்காலியில் அமர்ந்தபடியே இதை இழக்க முடியும். அவருக்குத் தேவைப்பட்டது இன்னொரு பயிற்சி வகுப்பு அன்று. சலித்துக்கொள்ளாமல் பதினோராவது முறையும் சொல்லித்தரும் ஒருவர்.

எப்போது கவலைப்பட வேண்டும்?

மாற்றம் வந்ததும் சில வாரங்கள் சோர்வும் எரிச்சலும் ஏக்கமும் இருப்பது இயல்பு. அதை நோயாகப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் நாளாக நாளாகக் குறையாமல் கூடிக்கொண்டே போனால் கவனிக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு, பணிச்சோர்வை நோயாகச் சேர்க்கவில்லை. கையாளப்படாத நீண்டகாலப் பணி அழுத்தத்தின் விளைவாகவே அதை விளக்குகிறது. மூன்று கூறுகளைச் சொல்கிறது: ஆற்றல் முழுதும் வற்றிப்போன உணர்வு, வேலையிலிருந்து மனம் விலகிப்போவது அல்லது அதன்மீது கசப்பு, தன் பணித்திறன் குறைந்துவிட்டதாகத் தோன்றுவது.

ஆசிரியர் அறையில் இவை எப்படித் தெரியும்? எப்போதும் குறித்த நேரத்தில் வருபவர் தாமதமாக வரத் தொடங்குவார். நன்றாகப் பேசுபவர் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வார். சிறு தவற்றுக்கும் பிள்ளைகள்மேல் பாய்வார். பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கூடும். தலைவலி, வயிற்று வலி, முதுகு வலி என்று தற்செயல் விடுப்புகள் கரையும். ஏற்கெனவே சர்க்கரையோ இரத்த அழுத்தமோ உள்ளவருக்கு அது கட்டுக்குள் நிற்காது. சிலரிடம் குடிப்பழக்கம் கூடும். "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்பதுபோன்ற பேச்சு வரும்.

தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை, நம்பிக்கையிழப்பு ஆகியவை ஏறக்குறைய நாள் முழுதும், இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வாழ விருப்பமில்லை என்ற பொருளில் ஒருவர் பேசினால் அன்றே, அப்போதே செயல்பட வேண்டும். அவரைத் தனியே விடக் கூடாது. நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. "அப்படி ஏதாவது நினைப்பு வருதா சார்?" என்று மெதுவாகக் கேட்கலாம். குடும்பத்துக்குத் தெரிவித்து, உடன் சென்று மருத்துவ உதவி பெறச் செய்ய வேண்டும்.

எனக்கே மாறுதல் வந்தபோது

எங்கள் நண்பரை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவருடைய மனைவியும் நானும் அழைத்துச் சென்றோம். ஒரு மாத மருத்துவ விடுப்பும், மருந்தும், பேச்சுவழி ஆலோசனையும் அவருக்குக் கிடைத்தன. அவர் திரும்பி வருவதற்குள் தலைமையாசிரியர் செய்தவை மிக எளியவை. ஒரு நாற்காலி. பீரோவில் ஒரு தட்டு. ஒன்பதாம் வகுப்பின் ஒரு பிரிவு. முதல் நாள் காலை வணக்கக் கூட்டத்தில், பதினாறு ஆண்டுகள் பத்தாம் வகுப்புக் கணிதம் நடத்தியவர் நம் பள்ளிக்குக் கிடைத்திருக்கிறார் என்று ஓர் அறிமுகம். நான்கு மாதம் தாமதமாக வந்த அறிமுகம்.

இரண்டு ஆண்டுகள் கழித்துப் பொது மாறுதல் கலந்தாய்வில் நானே வேறு பள்ளிக்குச் சென்றேன். நான் விரும்பிக் கேட்ட மாறுதல்தான். வீட்டுக்கு அருகே வந்துவிட்டேன். ஆனாலும் முதல் மாதம் முழுதும் ஏதோ ஒன்று தொண்டையில் அடைத்தே இருந்தது. எங்கே சுண்ணக்கட்டி இருக்கும் என்பதிலிருந்து, எந்த மாணவனிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதுவரை எல்லாவற்றையும் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. விரும்பி ஏற்ற மாற்றத்திலும் இழப்பு இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பதவி உயர்வில் சென்றவர்களும் இதையே சொல்கிறார்கள். எல்லாரும் வாழ்த்துவதால் அவர்கள் வருத்தத்தை வெளியே சொல்லவும் முடிவதில்லை.

எனக்கு உதவியவர் அப்பள்ளியின் மூத்த ஆங்கில ஆசிரியை. முதல் நாள் மதியம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: மணி அடிக்கும் நேரங்கள், ஆய்வகச் சாவி யாரிடம், பாடக் குறிப்பேட்டில் என்றைக்குக் கையொப்பம் வாங்க வேண்டும், மாலை 4.25 பேருந்தைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது, எட்டாம் வகுப்பில் காது சரியாகக் கேட்காத பிள்ளை எந்த இருக்கையில் இருக்கிறாள். கடைசியில், "டீச்சர், ஒரு வாரம் எங்கூடத்தான் சாப்பிடணும்" என்றார். ஒரு வாரம் என்றவர் இன்றுவரை விடவில்லை.

பள்ளி அளவில் செய்யக்கூடியவை

இந்த இரு அனுபவங்களையும் வைத்து, இப்போது எங்கள் பள்ளியில் சில வழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டிருக்கிறோம். எதற்கும் செலவில்லை. தனி அனுமதியும் தேவையில்லை.

விடைகொடுக்கும் பள்ளி செய்ய வேண்டியவை:

1. பணிவிடுவிப்பு அவசரமாக நடந்தாலும், வகுப்புப் பிள்ளைகளிடம் விடைபெற ஒரு பாடவேளையாவது தர வேண்டும். அன்றே முடியாவிட்டால் பிறகு ஒரு நாள் அழைக்கலாம். பிள்ளைகளுக்கும் அது தேவை. சொல்லாமல் போன ஆசிரியரைப் பற்றி அவர்கள் பல கதைகளைக் கற்பனை செய்துகொள்வார்கள்.

2. முன் ஊதியச் சான்று, பணிப்பதிவேடு, எமிஸ் விவர மாற்றம் ஆகியவற்றை இழுத்தடிக்காமல் முடிக்க வேண்டும். மாற்றத்தின் முதல் மாதத்தில் ஊதியமும் தாமதமானால் அழுத்தம் இரட்டிப்பாகும். பாதி மனக்கவலை கோப்பு நகர்வதிலேயே தீரும்.

3. "போய்த் தொலைஞ்சா சரி", "நல்லவேளை நான் தப்பிச்சேன்" போன்ற கிண்டல்களை விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதிருப்போம்.

வரவேற்கும் பள்ளி செய்ய வேண்டியவை:

1. வருபவர் வரும் முன்பே நாற்காலி, பீரோத் தட்டு, பாடநூல்கள், கால அட்டவணை ஆகியவை தயாராக இருக்க வேண்டும். பெயர்ப் பட்டியலில் கையால் இடைச்செருகாமல், புதிதாக எழுதி ஒட்ட வேண்டும்.

2. ஒரு துணை ஆசிரியரை ஒரு மாதத்துக்கு உடனிருக்கச் செய்ய வேண்டும். மூத்தவர்தான் வேண்டும் என்பதில்லை. பொறுமையுள்ளவராக இருந்தால் போதும்.

3. மேலே சொன்ன 'ஒரு தாள்' குறிப்பை ஒருமுறை எழுதிவைத்தால் ஆண்டுதோறும் பயன்படும்.

4. பாடவேளை ஒதுக்கும் முன், "எந்த வகுப்பு உங்களுக்குப் பிடிக்கும்? எது சிரமம்?" என்று கேட்க வேண்டும். கேட்டதையெல்லாம் தர முடியாது. ஏதாவது ஒன்றிலாவது அவர் விருப்பம் இடம்பெற்றால், தன் வேலையில் தனக்கும் ஒரு சொல் உண்டு என்ற உணர்வு வரும். 1979இல் ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் முன்வைத்த மாதிரியின் சாரமும் இதுதான்: வேலைச்சுமை அதிகமாகவும் வேலையில் தன் முடிவுக்கு இடம் குறைவாகவும் இருக்கும்போதே மன அழுத்தம் மிகுதியாகிறது.

5. முதல் மாதத்திலேயே பதிலீட்டுப் பாடவேளைகளையும் கூடுதல் பொறுப்புகளையும் புதியவர் தலையில் ஏற்றக் கூடாது.

6. இரண்டாம் வாரத்திலும் ஆறாம் வாரத்திலும் தலைமையாசிரியர் பத்து நிமிடம் தனியே பேச வேண்டும். முதல் நாள் எல்லாரும் விசாரிப்பார்கள். ஆறாம் வாரத்தில்தான் யாரும் இருக்க மாட்டார்கள். எங்கள் நண்பர் சரிந்ததும் அந்தக் காலத்தில்தான்.

எப்படிப் பேசுவது?

நெருக்கடியில் இருப்பவருக்கு முதல் உதவியாக உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட வழிகாட்டி மூன்று செயல்களைச் சொல்கிறது: கவனி, காதுகொடு, இணைத்துவிடு. பேரிடர் போன்ற சூழல்களுக்காக எழுதப்பட்டதாயினும், ஆசிரியர் அறைக்கும் இந்த வரிசை பொருந்துகிறது.

கவனித்த பிறகு பேச்சைத் தொடங்கும்போது, "ஏன் இப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் குற்றம் சாட்டுவதுபோல் இருக்கும். "ரெண்டு நாளா சாப்பிடாம டப்பாவைத் திருப்பி எடுத்துட்டுப் போறீங்க சார், அதான் கேக்கிறேன்" என்று கண்டதைச் சொன்னால் பேச வழி பிறக்கும். பேசத் தொடங்கியதும் குறுக்கிட்டு, "எனக்கு 80 கிலோமீட்டர் தள்ளிப் போட்டாங்க தெரியுமா?" என்று நம் கதையை எடுக்காதிருப்பது கடினம். ஆனால் அதைத்தான் செய்ய வேண்டும். "எல்லாம் நன்மைக்கே", "பாசிட்டிவா நினைங்க" என்பவை சொல்பவருக்குத்தான் ஆறுதல் தரும். "நான் என்ன செஞ்சா உங்களுக்குக் கொஞ்சம் சுலபமா இருக்கும்?" என்ற கேள்வி பயன் தரும். கேட்டதை வெளியே சொல்லாமல் காப்பதும் இதில் அடங்கும். மனநலச் சிகிச்சை பெறுபவரின் விவரங்கள் இரகசியமாகக் காக்கப்படுவது மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 தரும் உரிமை. சட்டம் மருத்துவரைக் கட்டுப்படுத்துகிறது. ஆசிரியர் அறையில் நம்மை நாமே கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும்.

இணைத்துவிட, 14416 என்ற எண் இருக்கிறது. டெலி-மானஸ் என்ற இந்தத் தொலைபேசி மனநல சேவை 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. கட்டணமில்லை, நாள் முழுதும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவுகள் உள்ளன. இந்த எண்ணை ஆசிரியர் அறைச் சுவரில் கால அட்டவணைக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறோம். யாருக்கு என்று கேட்டால், எல்லாருக்கும்தான்.

மாற்றத்தில் இருப்பவர் தனக்குத் தானே செய்யக்கூடியவை

பழைய பள்ளியை மறக்க முயல வேண்டாம். விடைபெறாமல் வந்திருந்தால் ஒரு சனிக்கிழமை சென்று விடைபெற்று வாருங்கள். ஆனால் தினமும் பழைய வாட்ஸ்அப் குழுவிலேயே வாழவும் வேண்டாம். தூக்க நேரத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் முதலில் சீர்செய்யுங்கள். பயண நேரம் கூடியிருந்தால் வேறு எதைக் குறைக்கலாம் என்று குடும்பத்தோடு அமர்ந்து பேசுங்கள். முதல் மாதம் ஒரே ஒரு வகுப்பை நன்கு அறிந்துகொள்வதை இலக்காக வையுங்கள். பிள்ளைகளின் பெயர்கள் மனத்தில் பதியும்போது, அந்தப் பள்ளியும் நம்முடையதாகத் தொடங்கும். புதிய செயலியோ பதிவேடோ புரியவில்லை என்றால் கேட்டுவிடுங்கள். பிள்ளைகளிடம் "தெரியலைன்னா கேளு, தப்பில்லை" என்று தினமும் சொல்பவர்கள் நாம்.

ஓர் எச்சரிக்கை

மனநலம் பற்றிய பேச்சு, குறைகளை மூடும் போர்வையாக ஆகிவிடக் கூடாது. ஒருவர் கடும் நோயோடு நூறு கிலோமீட்டர் பயணம் செய்கிறார் என்றால் அவருக்கு மூச்சுப் பயிற்சி சொல்லித்தருவது தீர்வாகாது. உரிய சான்றுகளோடு உரிய வழியில் விண்ணப்பிக்க நாம் துணைநிற்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட பணியிட மனநல வழிகாட்டுதல்களும், தனிமனிதருக்கான பயிற்சிகளோடு பணிச்சூழலைச் சீராக்குவதையும் மேலாளர்களுக்குப் பயிற்சி அளிப்பதையும் வலியுறுத்துகின்றன. அன்பாகப் பேசுவதும் வேண்டும், விண்ணப்பத்தை மேலனுப்புவதும் வேண்டும்.

எங்கள் கணித நண்பர் இன்னும் அதே பள்ளியில்தான் இருக்கிறார். பத்தாம் வகுப்பு இப்போது அவரிடம். சென்ற மாதம் தொலைபேசியில் பேசினார். பணிநிரவலில் ஒரு சமூக அறிவியல் ஆசிரியை அங்கு வரப்போகிறாராம். "டீச்சர், நீங்க அங்க எழுதி வச்சிருக்கிற அந்த ஒரு தாளை போட்டோ எடுத்து அனுப்புங்க. நாங்களும் ஒண்ணு எழுதி வைக்கணும்" என்றார். நாற்காலி வந்துவிட்டதா என்று கேட்டேன். அவர் வரும் முன்னமே போட்டாயிற்றாம்.

ஆசிரியர் கூட்டத்தில் கலந்துரையாட

1. நம் பள்ளிக்குக் கடைசியாக வந்து சேர்ந்த ஆசிரியர் யார்? முதல் வாரம் எப்படி இருந்தது என்று அவரிடம் கேட்டிருக்கிறோமா? இன்று கேட்போம்.

2. புதிதாக வருபவருக்கான 'ஒரு தாள்' குறிப்பில் எவற்றைச் சேர்க்கலாம்? குழுவாக அமர்ந்து 15 நிமிடத்தில் எழுதுங்கள்.

3. நம் பேச்சில் ஒருவரின் பெயருக்கு முன் ஒட்டிக்கொண்டிருக்கும் அடைமொழிகள் எவை? எதை இன்றோடு விடலாம்?

4. இந்த ஆண்டு நம் பள்ளியில் மாறியவை எவை? ஒவ்வொருவரும் தமக்குக் கடினமாக இருந்த ஒன்றை மட்டும் சொல்லட்டும். மற்றவர்கள் அறிவுரை கூறாமல் கேட்கட்டும்.